நான் வால்மீன் இல்லை

பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட்டு செய்கிற கூடம் அது. மூன்றாவது மாடி. அங்கே இருபது வருடமாக வேலை பார்த்தவளை எல்லோரும் பல்லக்கா என்றே கூப்பிட்டார்கள். முதலில் யார் அப்படிக் கூப்பிட்டது என்பது யாருக்கும் ஞாபகமில்லை. அவளும் மறுத்துச் சொன்னதில்லை. பாதி நேரம் மெழுகுக் கத்தியை வாயில் கவ்விக்கொண்டிருப்பவள் எதை மறுத்துச் சொல்வது?

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய ஈறு மட்டும் பிளாஸ்டரில் வந்து மேஜையில் உட்காரும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவரு இடது பக்கமே மென்னு பழகினவரு” என்பாள். மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு வரும்போது ஒன்றை மட்டும் கொஞ்சம் கோணலாக வைப்பாள். எல்லாம் வரிசையாக நின்றால் பொய்ப்பல் என்று பார்த்ததுமே தெரிந்துபோகும் என்பது அவள் கட்சி.

அந்தக் கூடத்தில் பாலிஷ் போடுகிறவர் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் வால்மீன் என்பவர் எழுதும் நாவல்களைப் படிப்பார். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் அதில் நேற்று என்ன நடந்தது என்று வாய் ஓயாமல் சொல்வார். பல்லக்கா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். அந்த வால்மீன்தான் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று அந்த மனுஷனுக்குக் கனவில்கூடத் தோன்றியிருக்காது.

அவள் இருபத்திரண்டு வயதில் எழுத ஆரம்பித்தவள். அந்த முதல் நாவலில் கடல் ஒரே நாளில் எங்கோ போய்விடுகிறது. நடுக்கடலில் இருந்த கப்பல் ஒன்று சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது. அதிலிருந்த முந்நூறு பேரும் கப்பலுக்குச் சக்கரம் கட்டி, வற்றிய கடலின் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். கடல் திரும்பி வரும் என்று நம்புகிறவர்கள் மேல்தளத்தில் வசித்தார்கள். வராது என்கிறவர்கள் கீழ்த்தளத்தில். கப்பலின் கேப்டன் ஒரு முன்கோபக்காரி. அவள் மட்டும் எதையும் நம்பாமல் நடுத்தளத்தில் நிம்மதியாகத் தூங்கினாள். அந்தக் கேப்டனை எழுதியபோது பல்லக்காவுக்கு உள்ளங்கை வியர்த்தது.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பதிப்பாளர் இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டார். மனுஷனுக்கு நல்ல கதை எது என்று மூக்கிலேயே தெரியும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கிரகம், காலம், கடல் என்று ஒரு பெண் எழுதினால் வாங்குகிறவன் அட்டையைப் பார்த்ததுமே கீழே வைத்துவிடுவான் என்று ஒரே போடாகப் போட்டார். அவரே ‘வால்மீன்’ என்று பெயர் வைத்தார். ஒரு தாளை நீட்டினார். கதை அச்சாகப் போகிறது என்ற பூரிப்பில் அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெயரும், அந்தப் பெயரில் வரும் ஆட்களும் பதிப்பகத்துக்கே சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது.

பத்தொன்பது வருடங்களில் அதே கப்பலை வைத்து இருபத்திரண்டு நாவல்கள். எல்லாமே விடியற்காலை நாலரை மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே எழுதியவை. அவள் கணவர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவர். எதையும் மெதுவாகத் தொட்டு மெதுவாக வைக்கிற மனிதர். அவள் எழுதும் நேரத்தில் சமையல் அவருடையது. புத்தகமாக ஒரு நாவலையும் அவர் படித்ததில்லை. காய் நறுக்கிக்கொண்டே அவள் வாசிப்பதைக் கேட்பார். அவர் கை நின்றுவிட்டால் அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். மகளுக்கு விவரம் தெரிந்தபோது அவளிடமும் சொன்னார்கள், வெளியே மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. மகள் கல்லூரிக்குப் போகும் வயது வரை அதைக் காப்பாற்றினாள். பொறுமிக்கொண்டேதான் காப்பாற்றினாள்.

இருபத்திமூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று பதிப்பாளர் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் வழக்கத்துக்கு மாறாகத் தேநீர் வந்தது. தொலைக்காட்சித் தொடராக எடுக்க ஒரு கம்பெனி வந்திருக்கிறது, ஆனால் இரண்டு மாற்றங்கள் கேட்கிறார்கள் என்றார். கடல் திரும்பி வர வேண்டும். கேப்டன் தன் கப்பலை ஓர் இளைஞனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். அடுத்த நாவலிலேயே அதைச் செய்துவிட்டால் வேலை சுலபம்.

“கடல் வராது சார்” என்றாள்.

“நீ எழுதினா வரும்மா.”

“நான்தானே எழுதறேன். வராது.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பத்தொன்பது வருடப் பழக்கம், தன் உழைப்பு, தன் ரசனை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்க. வால்மீன்ங்கறது நீ இல்ல. அது என்னோட பேரு. யாரை வேணா உட்கார வச்சு எழுதிக்குவேன்.”

“உட்கார வைங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தேநீரைத் தொடவில்லை.

எட்டு மாதம் கழித்து மகள் ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ‘கடல் திரும்பியது’ – எழுதியவர் வால்மீன். பின்னட்டையில் முதன்முறையாக வால்மீனின் படம். அழகாகத் தாடி வைத்த ஓர் ஆள். விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதுகிறவராம்.

பல்லக்கா அதை ஒரே மூச்சில் படித்தாள். மோசமாக இருந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் இரண்டு இடங்களில் நன்றாகவே இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. நூற்று நாற்பதாம் பக்கத்தில் கேப்டன் அழுதாள். அழுது, மன்னிப்புக் கேட்டு, சுக்கானை ஒரு பொடியன் கையில் கொடுத்தாள். இருபத்திரண்டு நாவல்களில் ஒருமுறைகூட அழாதவள்.

வம்பு வேண்டாம் என்றார் கணவர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது கொடுத்ததுதான், பெரிய இடத்தோடு மோதினால் நமக்குத்தான் வெட்டுப்படும் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கண்காட்சியில் வால்மீன் கையெழுத்துப் போடுகிறார் என்று விளம்பரம் வந்திருந்தது. “நான் போறேன்” என்றாள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் சட்டையையும் எடுத்து மாட்டினார்.

வரிசையில் அறுபது பேர் இருப்பார்கள். தன் நாவலுக்காக இத்தனை பேர் வெயிலில் நிற்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. வால்மீனுக்கு விற்பனை உண்டு என்பது தெரியும். முகங்களை இப்போதுதான் பார்க்கிறாள். குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி, காக்கிச் சட்டையோடு ஒரு கண்டக்டர், ஒரே புத்தகத்தைச் சேர்ந்து பிடித்துப் படிக்கும் இரண்டு பெண்கள். அவளுக்கு நேர் முன்னால் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். துணிப்பையில் இருபத்திரண்டு நாவல்களும் பழுப்பு உறை போட்டு, முதுகில் எண் எழுதி இருந்தன. எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கவா என்று கேட்டாள். அதெல்லாம் இல்லை, தனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது என்றார். ஏழாவது நாவலில் கப்பல் சமையல்காரிக்கு இடது கை மோதிர விரல் துண்டாகிவிடுகிறது. ஒன்பதாவதில் பார்த்தால் வலது கையில் விரல் இல்லை. இதைக் கேட்டுப் பதிப்பகத்துக்குப் பதினொரு கடிதம் போட்டாராம். ஒன்றுக்கும் பதிலில்லை.

பல்லக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அப்படி ஒரு தப்பு இருப்பதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும்.

மேஜைக்கு வந்ததும் தபால்காரர் கேள்வியைக் கேட்டார். தாடிக்காரர் பேனாவை உருட்டினார். புத்தகத்தைப் புரட்டினார். பிறகு, “அது வந்து… ஒரு குறியீடு” என்றார்.

“என்ன குறியீடு?” என்று தபால்காரர் விடவில்லை.

“குறியீடும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள் பின்னால் நின்ற பல்லக்கா. “தப்பு. ஒன்பதாவது எழுதறப்போ ஏழாவதை எடுத்துப் பார்க்காம ஞாபகத்துலயே எழுதியிருக்கேன்.”

தபால்காரர் மெதுவாகத் திரும்பினார். “எழுதியிருக்கேன்னா?”

“இவர் எழுதினது இந்தக் கடைசிப் புத்தகம் மட்டும். மத்த இருபத்திரண்டும் நான் எழுதினது.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இருந்தும் வரிசையில் பத்துப் பேருக்காவது கேட்டது. யாரோ சிரித்தார்கள். வெயில் ஏறிவிட்டது போலிருக்கிறது என்றான் ஒருவன், அவள் காதில் விழும்படியாகவே. கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். தன் வாசகர்கள் தன்னையே பைத்தியமாகப் பார்ப்பது அவளுக்கு நெஞ்சில் தைத்தது. ஆனாலும் நகரவில்லை. கையிலிருந்த ‘கடல் திரும்பியது’ நாவலைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

“போடுங்க தம்பி. வால்மீன்னு போடுங்க. நான் பாக்கறேன்.”

தாடிக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. பேனாவை மூடி மேஜையில் வைத்தார். அதற்குள் பதிப்பகத்து மேலாளர் வந்து, இந்தப் பக்கம் வாங்கம்மா என்று அவள் முழங்கையைப் பிடித்தார். அதுவரை ஓரமாக நின்ற கணவர் வந்து அந்தக் கையை எடுத்துவிட்டார், கண்ணாடியை எடுத்து வைப்பது போல மெதுவாக. மூவரும் வெளியே வந்தார்கள். மூன்றாமவர் தபால்காரர்.

“உங்களை நான் நம்பறேன்” என்றார். “தப்புன்னு எழுதினவங்களாலதான் ஒத்துக்க முடியும். அந்தாளுக்குத் தப்புன்னு சொல்ற உரிமைகூட இல்ல.”

நாலாவது நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவள் தன்னை வால்மீன் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. கேப்டன், கப்பல், வற்றிய கடல், அதன் மாந்தர் எதையும் இனி எழுதக்கூடாது. மகள் ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனாள். அவர் பழைய தாளைப் படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

பெயர் போனதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. கேப்டன் போனதுதான் தாங்கவில்லை. மூன்று மாதம் வழக்கம்போல நாலரைக்கு எழுந்து மேஜையில் உட்கார்வாள். ஏழு மணிக்கு ஒரு வரியும் இல்லாமல் எழுந்திருப்பாள். கேப்டன் அடுத்து என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுத முடியாது. கணவர் எதிரே உட்கார்ந்து பேசாமல் காய் நறுக்குவார். ஒருநாள் நறுக்கிக்கொண்டே சொன்னார்: “அறுத்துப் போன துண்டையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி? மிச்சக் கண்ணாடியில என்ன வரும்னு பாரு.”

பெரிய ஆறுதல் என்று அவள் எரிந்து விழுந்தாள். ஆனால் மறுநாள் காலை நாலு வரி எழுதினாள்.

அந்த வாரமே தாடிக்காரர் பல்செட்டுக் கூடத்துக்கு வந்தார். மூன்று மாடியும் இரண்டு அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறியதில் மூச்சு வாங்கியது. அவளை எப்படியோ விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். தனக்கு முன்னால் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார், அவர் இறந்துவிட்டார் என்றுதான் தன்னிடம் சொன்னார்கள் என்றார்.

“நான் செத்துட்டேனா?” என்றாள்.

“அப்படித்தான் சொன்னாங்க அக்கா.”

ஒப்பந்தம் இருக்கிறது, இன்னொரு நாவல் எழுதித்தான் ஆகவேண்டும், விட்டுவிட்டு வர முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதற்காக அவரை அவள் மன்னிக்கவில்லை. ஆனால் பொய் சொல்லாததற்காக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பெட்டிகளில் இருந்தவை கடிதங்கள். பத்தொன்பது வருடமாக வால்மீனுக்கு வாசகர்கள் எழுதியவை. பதிப்பகத்தில் மாடிப்படிக்குக் கீழே துடைப்பத்தோடு கிடந்தனவாம். பாதிக்கு மேல் பிரிக்கக்கூட இல்லை.

பாலிஷ் போடுகிறவர் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் அவர் மண்டையில் ஏற ஐந்து நிமிடம் ஆனது. ஏறியதும், எட்டு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் தான் உளறிய விமர்சனமெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, பாவம், அன்று முழுக்க அவள் பக்கம் தலையே திருப்பவில்லை.

வீட்டில் கடிதங்களைத் தரையில் பரப்பினாள். நானூற்றுப் பன்னிரண்டு. சக்கரத்தின் அச்சு அந்த எடையைத் தாங்காது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்த ஒரு மெக்கானிக். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து, அடுத்த நாவல் வரும்வரை தாக்குப் பிடிக்கிறேன் என்று எழுதிய ஒருவர். அந்தக் கடிதத்துக்கு வயது ஒன்பது. அதை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். சமையல்காரியின் விரலைப் பற்றி மட்டும் தபால்காரரையும் சேர்த்து ஏழு பேர் கேட்டிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதப் போகிறேன் என்றாள். நோட்டீஸை மறந்துவிட்டாயா என்று பதறினார் கணவர். மறக்கவில்லை. அதை எடுத்து எதிரே வைத்துக்கொண்டுதான் தபால் அட்டை எழுத ஆரம்பித்தாள்:

‘வணக்கம். நான் வால்மீன் இல்லை. இல்லை என்று எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நீங்கள் எழுதிய கடிதம் இப்போதுதான் என் கைக்குக் கிடைத்தது, தாமதத்துக்கு வருந்துகிறேன். சமையல்காரிக்குப் போனது இடது கை விரல்தான். ஒன்பதாவது நாவலில் இருப்பது தப்பு. அந்தத் தப்பு என்னுடையது. அடுத்த வருடம் ஒரு புது நாவல் வரும். அதில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. பிடித்தால் படியுங்கள்.’

கீழே பல்லக்கா என்று கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் அதில் கேட்டதற்கு ஏற்ப நாலு வரி கூடுதலாக எழுதினாள். மெக்கானிக்கிடம் அச்சு விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டாள். மருத்துவமனைக்காரரின் வீட்டுக்கும் எழுதினாள். அந்த அட்டைக்கு மட்டும் நான்கு நாள் ஆனது. பதிப்பாளரின் வக்கீல் கைக்கும் ஓர் அட்டை போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. இதில் குற்றம் பிடிக்க ஒன்றுமில்லை, இந்த அம்மா நாம் சொன்னதைத்தானே சொல்லியிருக்கிறாள் என்றாராம் அவர்.

புது நாவல் ‘மலை வருகிறது’. ஒரு மலை தினமும் ஓரடி ஊரை நோக்கி நகர்ந்து வருகிறது. ஊர்க்காரர்கள் இடம்பெயர மாட்டோம் என்கிறார்கள். எழுதி முடிக்கப் பதினான்கு மாதம். வெளியிட்டவள் சின்னதாக பைண்டிங் பட்டறை நடத்திய ஒருத்தி. அதுவரை பள்ளி நோட்டுகள் தவிர வேறெதையும் தைத்ததில்லை. பல்லக்கா என்று அட்டையில் போட்டால் சிரிப்புப் புத்தகம் என்று நினைப்பார்களே, சொந்தப் பெயரைப் போடலாமே என்று அவள் தயங்கினாள்.

“சிரிக்கட்டும். இந்தப் பேரை என்னோட வேலை செய்யறவங்க வச்சாங்க. எந்தத் தாள்லயும் கையெழுத்து வாங்கிக்கிட்டு வைக்கலை” என்றாள் பல்லக்கா.

பின்னட்டைப் படத்தில் தலைமுடியில் பிளாஸ்டர் தூளோடு, வேலைக் கோட்டில் நின்றாள். மகள் எடுத்த படம்.

தொலைக்காட்சித் தொடர் தாடி வைத்த ஆண் கேப்டனோடு பதின்மூன்று வாரம் ஓடி நின்றது. தாடிக்காரர் ஒப்பந்தப்படி இன்னொன்றை எழுதிவிட்டு விளம்பரத்துக்கே திரும்பினார். இப்போது மூன்றாவது வால்மீன் எழுதுகிறாராம். ‘மலை வருகிறது’ பழைய நாவல்களில் ஐந்தில் ஒரு பங்குகூட விற்கவில்லை. ஒரு பத்திரிகை அதற்கு மதிப்புரை எழுத மறுத்து, குழந்தைகள் பகுதிக்கு அனுப்பிவிட்டது. பல்லக்கா மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த நாவலைத் தொடங்கியும் விட்டாள்.

நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மாலை வாசகர் கூட்டம். பத்தொன்பது பேர் வந்தார்கள். ஆறு பேர் அட்டை கிடைத்தவர்கள். கண்டக்டரும் வந்திருந்தார், அன்றைக்கு வரிசையில் முகத்தைத் திருப்பியதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. எழுதியதைக் கணவரையும் மகளையும் தவிர யார் முன்னாலும் வாசித்திராதவள் முதல் அத்தியாயத்தை வாசித்தாள். தொடக்கத்தில் குரல் தடுமாறியது. இரண்டாவது பக்கத்தில் சரியாகிவிட்டது.

வாசித்து முடித்ததும் தபால்காரர்தான் முதலில் எழுந்தார். கடைசிப் பக்கத்தில் மலைக்கும் ஊருக்கும் நடுவே ஓரடிதான் மிச்சம் இருக்கிறது, அங்கே கதையை நிறுத்தினால் என்ன நியாயம் என்றார். மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டார். மலை நின்றதா, ஊர் அழிந்ததா, ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டாமா? இது வாசகனை நடுத்தெருவில் விட்டுப் போகிற வேலை என்றார் இன்னொருவர். அவள் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாததை உங்களுக்கு மட்டும் நான் எப்படிச் சொல்வது என்றாள். கண்டக்டர் அவள் பக்கம் பேசினார். பிறகு பாதியில் கட்சி மாறினார். ஆளாளுக்குக் குரல் ஏறியது. பத்தொன்பது வருடம் ஒரு வாசகரோடும் சண்டை போடக் கொடுத்து வைக்காதவள், மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்று வாதாடினாள். கன்னமெல்லாம் சிவந்து கிடந்தது. நூலகர் சாவிக்கொத்தோடு வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“கடைசியாக் கேக்கறேன்” என்றார் தபால்காரர். “அடுத்த பதிப்புல ஒரே ஒரு பக்கம் சேர்த்து முடிச்சு வைப்பீங்களா, மாட்டீங்களா?”

“மாட்டேன்” என்றாள் பல்லக்கா. “உக்காருங்க, ஏன்னு சொல்றேன்.”

அவர் உட்கார்ந்தார்.